விளையும் பயிர் முளையிலே தெரியுமா?

மார்ச் மாதத்தில் ஒரு காலைப்பொழுது. ஈப்போவுக்கு வெளியே, ஒரு காலத்தில் பால்மரக் காடாக இருந்து இப்போது பாதி செம்பனையாகவும் பாதி வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்ட இடம். அங்கே ஒரு தமிழ்ப்பள்ளித் திடல் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். 12 வயதுப் பிரிவுக் காற்பந்துக் குழுவுக்குத் தேர்வு நடக்கிறது. ஓர் உயரமான பையன் எல்லாரையும் முந்திக்கொண்டு ஓடி மூன்று கோல் போடுகிறான். இன்னொரு சின்னப் பையன் பந்தை அழகாக வாங்கி அழகாகக் கொடுக்கிறான். ஆனால், தோளோடு தோள் மோதும்போது விழுந்துவிடுகிறான். ஆசிரியரின் பட்டியலில் முதல் பையனின் பெயர் ஏறுகிறது. இரண்டாமவன் காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடக்கிறான்.

அதே வாரம், மாமாக் கடையில் தே தாரேயும் ரொட்டி சானாயுமாக உட்கார்ந்திருக்கும் அவனுடைய அண்ணன் கைப்பேசியில் ஒரு கற்பனைக் குழுவை அமைத்துக்கொண்டிருக்கிறார். "இந்தப் பருவத்தில் திடீரென்று மேலே வரப்போகிற இளம் ஆட்டக்காரர் யார்?" என்பதுதான் அவருடைய கவலை.

ஆசிரியரும் அண்ணனும் கேட்பது ஒரே கேள்வி. கைப்பேசியில் தவறாக விடை சொன்னால் சில புள்ளிகள் போகும். திடலில் தவறாகச் சொன்னால் ஒரு பையனின் விளையாட்டு வாழ்க்கையே அங்கு முடிந்துபோகலாம். இதற்கு அறிவியல் என்ன சொல்கிறது என்று இன்று பார்ப்போம்.

மலிவாக வாங்கு, விளையும்வரை காத்திரு

கற்பனைக் குழு விளையாட்டைப் பற்றி அறியாதவர்களுக்குச் சிறு விளக்கம். இங்கிலாந்து பிரிமியர் லீக்கின் 'ஃபேன்டசி' ஆட்டத்தில் உங்களுக்கு 10 கோடி பவுன் கற்பனைப் பணம் தரப்படும். அதைக் கொண்டு 15 ஆட்டக்காரர்களை வாங்க வேண்டும். உண்மையான ஆட்டத்தில் அவர்கள் செய்வதெல்லாம் உங்களுக்குப் புள்ளியாக வரும். புகழ்பெற்றவர்களின் விலை அதிகம். எல்லாரையும் வாங்க முடியாது. ஆகவே, இன்று மலிவாக இருந்து நாளை உயரப்போகிறவரை முன்கூட்டியே கண்டுபிடிப்பவரே வெல்வார்.

ஆஸ்திரேலியாவில் முட்டை வடிவப் பந்தை வைத்து, பக்கத்துக்கு 18 பேராக ஆடும் அந்நாட்டுக் காற்பந்துக்கும் இத்தகைய ஆட்டம் உண்டு. அங்கே ஒருவரின் விலை பெரும்பாலும் அவர் சென்ற ஆண்டு எடுத்த சராசரிப் புள்ளியை ஒட்டியே அமையும். அதனால் அங்குள்ள ரசிகர்கள், குழுவில் சேர்ந்து இரண்டு மூன்று ஆண்டுகள் ஆன இளைஞர்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவார்கள். உடல் முதிர்ந்திருக்கும், ஆட்டம் பழகியிருக்கும், விலை மட்டும் ஏறியிருக்காது என்பது அவர்கள் கணக்கு.

நல்ல கணக்குத்தான். ஆனால், அதில் மூன்று குழிகள் இருக்கின்றன.

முதல் குழி: சிறிய எண்கள்

உங்கள் வகுப்பில் 32 மாணவர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் ஒரு நாணயத்தை நான்கு முறை சுண்டட்டும். நான்கு முறையும் தலை விழ வாய்ப்பு 16இல் ஒன்று. ஆக, 32 பேரில் சராசரியாக இருவருக்கு நான்கும் தலையாகவே விழும். அந்த இருவரையும் "நாணயம் சுண்டுவதில் மேதைகள்" என்று மாவட்டப் போட்டிக்கு அனுப்புவீர்களா? சிரிப்பு வருகிறது அல்லவா? நான்கே ஆட்டங்களைப் பார்த்து ஒருவனை மேதை என்று சொல்வதும் சில வேளைகளில் இப்படித்தான்.

இதைச் சரிசெய்ய ஓர் எளிய வழி உண்டு. முதல் ஆட்டக்காரர் 4 ஆட்டத்தில் 4 கோல், சராசரி 1.0. இரண்டாமவர் 20 ஆட்டத்தில் 12 கோல், சராசரி 0.6. பார்த்தவுடன் முதல்வரே சிறந்தவர் என்று தோன்றும். இப்போது இருவருக்கும் "சாதாரண ஆட்டக்காரரின் 10 ஆட்டங்களை" சேர்ப்போம். ஒரு சாதாரண முன்கள ஆட்டக்காரர் ஆட்டத்துக்கு 0.3 கோல் போடுவார் என்று கொண்டால், 10 ஆட்டத்துக்கு 3 கோல்.

முதல்வர்: (4 + 3) ÷ (4 + 10) = 7 ÷ 14 = 0.5
இரண்டாமவர்: (12 + 3) ÷ (20 + 10) = 15 ÷ 30 = 0.5

இருவரும் சமம்! குறைந்த சான்று உள்ளவரைச் சராசரியை நோக்கி அதிகமாகவும், நிறையச் சான்று உள்ளவரைக் கொஞ்சமாகவும் இழுக்கிறோம். அவ்வளவுதான். எத்தனை ஆட்டங்களைச் சேர்ப்பது என்பது விளையாட்டுக்கு விளையாட்டு மாறும். 10 என்பது நாம் இங்கே எடுத்துக்கொண்ட ஓர் எண் மட்டுமே.

மிக உயர்ந்த அளவுகளும் மிகத் தாழ்ந்த அளவுகளும் அடுத்த முறை அளக்கும்போது சராசரிப் பக்கம் திரும்பும் என்பதை 19ஆம் நூற்றாண்டில் பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் பெற்றோர், பிள்ளைகளின் உயரங்களை ஒப்பிட்டு விளக்கினார். முதல் ஆண்டில் கொடிகட்டிப் பறந்தவர் இரண்டாம் ஆண்டில் சறுக்கினால் "தலைக்கனம் வந்துவிட்டது" என்று பேசுகிறோம். பல வேளைகளில் அவர் செய்த பிழை எதுவுமே இல்லை. முதல் ஆண்டில் கைகொடுத்த அதிர்ஷ்டம் விலகியிருக்கும், அவ்வளவே.

இரண்டாம் குழி: வாய்ப்பை மறப்பது

ஒருவர் 1,800 நிமிடம் ஆடி 6 கோல் போட்டிருக்கிறார். இன்னொருவர் 450 நிமிடம் மட்டுமே ஆடி 3 கோல். மொத்தத்தைப் பார்த்தால் முதலாமவர். முழு ஆட்டமான 90 நிமிடத்துக்கு எவ்வளவு என்று பார்த்தால் முதலாமவர் 0.3, இரண்டாமவர் 0.6. நாம் கற்ற முறைப்படி இரண்டாமவருக்கும் 10 சாதாரண ஆட்டங்களைச் சேர்த்தால் (3 + 3) ÷ (5 + 10) = 0.4. அடுத்த பருவத்தில் அவருக்கும் 20 முழு ஆட்டங்கள் கிடைத்தால் 8 கோலை எதிர்பார்க்கலாம். 3 கோல் போட்டவர் 8 கோல் போட்டால் உலகம் "திடீர் நட்சத்திரம்" என்னும். அவருடைய திறமை மாறவில்லை, மாறியது வாய்ப்பு.

டோட்டன்ஹாம் குழுவின் ஹேரி கேன் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. 2013-14 பருவத்தில் அவர் லீக்கில் 10 ஆட்டங்களில் மட்டுமே இறங்கி 3 கோல் அடித்தார். அடுத்த பருவத்தின் தொடக்கத்திலும் அவருக்கு முன்னால் வேறு முன்கள ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். இடம் கிடைத்ததும் அந்தப் பருவத்தில் அவர் அடித்தது 21 லீக் கோல். "ஒரு பருவத்தோடு சரி" என்று கேலி பேசினார்கள். அப்படிப் பேசியவர்கள் முதல் குழியைப் பற்றித்தான் சொன்னார்கள், அது நியாயமான ஐயமும்கூட. ஆனால், அடுத்த இரு பருவங்களில் 25, 29 என்று கோல்கள் ஏறின. சான்று பெருகப் பெருக, சராசரியை நோக்கி இழுக்கும் கயிறு தளர்ந்துவிடும்.

ஆகவே, "எத்தனை கோல்?" என்ற கேள்வியோடு நிறுத்தாதீர்கள். "எத்தனை நிமிடத்தில்? எந்த இடத்தில் ஆடி? அடுத்த பருவத்தில் அவருக்கு இடம் கொடுக்க யார் விலகுகிறார்?" என்றும் கேளுங்கள்.

மூன்றாம் குழி: பிறந்த மாதம்

இப்போது மறுபடியும் நம் திடலுக்கு வருவோம். நம் நாட்டுப் பள்ளி விளையாட்டில் வயதுப் பிரிவு பிறந்த ஆண்டைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. ஜனவரியில் பிறந்தவனும் அதே ஆண்டு டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவு. மார்ச் மாதத் தேர்வில் முதல்வனுக்கு வயது 12 ஆண்டு 2 மாதம். இரண்டாமவனுக்கு 11 ஆண்டு 3 மாதம். இந்த 11 மாத இடைவெளி முப்பது வயதில் ஒன்றுமே இல்லை. அந்த வயதிலோ, இதுவரை வாழ்ந்த வாழ்நாளில் ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு பங்கு!

1985இல் கனடாவைச் சேர்ந்த உளவியலாளர் ரோஜர் பார்ன்ஸ்லியும் உடன் ஆய்வாளர்களும் அந்நாட்டுப் பனி ஹாக்கி ஆட்டக்காரர்களின் பிறந்த தேதிகளை ஆராய்ந்தார்கள். ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் மிகுதி. கடைசி மாதங்களில் பிறந்தவர்கள் குறைவு. கனடாவிலும் வயதுக் கணக்கு ஜனவரி முதல் தேதியில்தான் தொடங்குகிறது. இதை 'ஒப்பீட்டு வயது விளைவு' என்கிறார்கள். அதன்பின் பல நாடுகளில், காற்பந்து உட்பட பல விளையாட்டுகளில் இது காணப்பட்டுள்ளது.

விளைவு ஒரு சங்கிலிபோல் நீள்கிறது. சற்று மூத்த பையன் உயரமாக இருக்கிறான், தேர்வாகிறான், நல்ல பயிற்றுநர் கிடைக்கிறார், அதிக ஆட்டம் கிடைக்கிறது, மூன்று ஆண்டு கழித்து உண்மையிலேயே சிறந்தவனாகிவிடுகிறான். "பார்த்தீர்களா, அன்றே சொன்னேனே" என்கிறோம். நாமே தண்ணீர் ஊற்றி வளர்த்துவிட்டு, முளையிலேயே தெரிந்தது என்கிறோம்.

இதில் பருவமடையும் காலமும் சேர்ந்துகொள்கிறது. ஆண்பிள்ளைகள் மிக வேகமாக வளர்வது சராசரியாக 14 வயதை ஒட்டி. பெண்பிள்ளைகள் 12 வயதை ஒட்டி. ஆனால், ஆளுக்கு ஆள் இது ஓரிரு ஆண்டு முன்பின் ஆகும். முன்னதாக வளர்ந்தவன் 13 வயதில் பெரியவர்போல் ஓடுவான். பிறர் வளர்ந்து வந்ததும் அந்த முந்தல் கரைந்துவிடும்.

ஹேரி கேன் பிறந்தது ஜூலை 28. இங்கிலாந்தில் பள்ளி ஆண்டுக் கணக்கு செப்டம்பர் முதல் ஆகஸ்டு வரை. அதாவது, தம் வகுப்பில் அவர் மிக இளையவர்களுள் ஒருவர். சிறு வயதில் அவரைச் சேர்த்திருந்த ஆர்செனல் பயிற்சிக்கூடம் ஓராண்டிலேயே விடுவித்தது. பின்னாளில் அவர் இங்கிலாந்துக்காக மிக அதிகக் கோல் அடித்தவரானார்.

நம் பேராக்கிலும் ஒருவர் உண்டு. 1943 நவம்பர் 2ஆம் தேதி கோலகங்சாரில் பிறந்த டாக்டர் மணி ஜெகதீசன். 16 வயதில் 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஓடினார். 1966 பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மூன்று தங்கம் வென்றார். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனையை முறியடிக்க 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இரண்டு பெயர்களை வைத்து "கடைசி மாதத்தில் பிறந்தவர்கள்தான் சிறந்தவர்கள்" என்று முடிவுகட்டினால் முதல் குழியில் நாமே விழுந்தவர்களாவோம். இந்த இருவரும் காட்டுவது ஒன்றுதான்: ஆண்டு இறுதியில் பிறந்ததால் திறமை குறைவதில்லை.

பால்மரம் கற்றுத்தரும் பாடம்

மலாயாவில் முதன்முதலாக நட்ட ரப்பர் மரங்களில் சில, 1877இல் அதே கோலகங்சாரில் நடப்பட்டவை. நம் தாத்தா பாட்டிகள் பால்வெட்டிய மரங்கள் அவற்றுக்குப் பின்னால் வந்தவை. எந்த மரம் நிறையப் பால் தரும் என்று கன்றிலேயே அறிய ரப்பர் ஆய்வாளர்களும் முயன்றார்கள். நாற்றங்காலில் இளங்கன்றின் தண்டைச் சிறிது கீறி, வடியும் பாலை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அது ஓரளவு உதவியது. ஆனால், அதை மட்டும் நம்பி அவர்கள் தோட்டம் போடவில்லை. தேறிய கன்றுகளைப் பெருக்கி, வெவ்வேறு மண்ணில் நட்டு, ஆண்டுக்கணக்கில் பால்வெட்டி அளந்த பிறகே ஒரு வகையைப் பரிந்துரைத்தார்கள். இதற்கு இருபது ஆண்டுகளுக்கும் மேல் ஆகும்.

ஒரு மரத்துக்கே அவ்வளவு பொறுமை காட்டினோம். பிள்ளைகளை மட்டும் ஒரு காலைப்பொழுதில் தரம்பிரித்துவிடுகிறோம்.

முன்பு தோட்டத்துக்குத் தோட்டம் திடல் இருந்தது. பால் எடைபோட்டு முடிந்த மாலையில் பெரியவர்களோடு சின்னப் பிள்ளைகளும் பந்து உதைத்தார்கள். தேர்வில் விடுபட்டவனுக்கும் மறுநாள் ஆட இடம் இருந்தது. இன்று அந்தத் திடல்களில் பல இல்லை. விடுபட்டவன் வீட்டுக்குள் போய்விட்டால், அவன் எப்படி விளைந்திருப்பான் என்பது யாருக்கும் தெரியாமலேயே போய்விடும். அதனால்தான் இன்று நம் கணிப்பில் வரும் பிழைக்கு விலை கூடிவிட்டது.

நீங்கள் என்ன செய்யலாம்?

கற்பனைக் குழு அமைப்பவரானால் நான்கு கட்டம் உள்ள அட்டவணை ஒன்று போடுங்கள்: வயது, ஆடிய நிமிடம், 90 நிமிடத்துக்கான அளவு, அடுத்த பருவத்தில் இடம் கிடைக்குமா. 10 சாதாரண ஆட்டங்களைச் சேர்த்த பிறகு யார் மேலே நிற்கிறார் என்று பாருங்கள்.

ஆசிரியரானால், தேர்வுப் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் பிறந்த மாதத்தையும் எழுதுங்கள். ஒரே நாளில் முடிக்காமல் இரண்டு மூன்று வாரம் பாருங்கள். உயரம் ஒத்த பிள்ளைகளை எதிரெதிரே ஆடவிட்டுப் பாருங்கள். இங்கிலாந்துப் பயிற்சிக்கூடங்கள் சிலவும் வயதுக்குப் பதிலாக உடல் முதிர்ச்சியைக் கொண்டு பிரித்து ஆடவைத்துச் சோதித்துள்ளன. விடுபட்டவர்களுக்கு அடுத்த ஆண்டும் கதவு திறந்திருக்கட்டும்.

மாணவரானால், உங்கள் பள்ளி விளையாட்டுக் குழுக்கள் எல்லாவற்றிலும் உள்ளவர்களின் பிறந்த மாதங்களைச் சேகரித்து, மூன்று மூன்று மாதமாக நான்கு கட்டங்களில் போடுங்கள். தேர்வில் வயது குறுக்கிடவில்லை என்றால் நான்கும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். ஒரே ஒரு குழுவை மட்டும் எண்ணி முடிவுக்கு வராதீர்கள். ஏன் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போன பையனை நினைவிருக்கிறதா? அவன் பிறந்த மாதத்தை யாராவது கேட்டார்களா?