கூரையைத் திறந்த நாலு பேர்



மாற்கு 2-ம் அதிகாரத்தில் நாலு பேர் ஒரு திமிர்வாதக்காரனைச் சுமந்து வந்தார்கள். வாசலில் ஜனநெருக்கம், கூரையைப் பிரித்து அவனை இறக்கினார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கால் ஆலயக் கதவுகள் அடைபட்டபோது நமக்குத் திறந்த கூரை இன்டர்நெட். கதவு திறந்த பின்பும், நம் குன்றத்தூரில் படுக்கையாயிருக்கிற விசுவாசிகளுக்கு அதுவே வழி. ஜெபவேளையில் படம் நின்றுபோனால் அவர்கள் தனித்துவிடுவார்கள். ஆகவே, படத்தைச் சுருக்கி இன்டர்நெட்டுக்கு அனுப்பும் என்கோடர் பெட்டியை அமைக்க வாலிபருக்கு நான் சொல்லிக்கொடுப்பது:

1. கேமராவின் ஹெச்.டி.எம்.ஐ. கேபிளையும் மிக்ஸரின் சத்தத்தையும் என்கோடருக்குக் கொடுங்க. அங்கிருந்து ரவுட்டருக்கு லேன் கேபிளே போடுங்க. சபையார் போன்களெல்லாம் பங்குபோடும் வைஃபையை நம்பாதீங்க.

2. அதே ரவுட்டரில் சேர்ந்த லேப்டாப்பில் என்கோடரின் ஐ.பி. எண்ணை அடித்தால் செட்டிங்ஸ் பக்கம் வரும். கம்பெனி வைத்த பாஸ்வேர்டை உடனே மாத்துங்க.

3. யூடியூப் தரும் சர்வர் முகவரியையும் ஸ்ட்ரீம் கீயையும் அதில் பதியுங்க. அந்தக் கீ ஆலயச் சாவி மாதிரி, வெளியே காட்டாதீங்க. புது சேனலில் நேரலை வசதி திறக்க 24 மணி நேரம் வரை ஆகலாம்.

4. 720பி படத்துக்கு 3000 கே.பி.பி.எஸ்., கீஃபிரேம் 2 வினாடி. அப்லோடு வேகம் அதைப்போல் இருமடங்கு வேண்டும். இல்லையென்றால் படத்தின் தரத்தைக் குறையுங்க. வசனம் தடையின்றிக் கேட்பதே முக்கியம்.

சனிக்கிழமையே சோதித்துப் பாருங்க.

அந்த நாலு பேரின் பெயர் வேதத்தில் இல்லை. ஆனாலும் ஆண்டவர் அவர்களைக் கண்டார். மறைவில் கேபிள் மாட்டுகிற பிள்ளையையும் காண்கிறார். ஆமென்!