அயலாரும் அயலார் அல்லாதாரும்

சிற்றூரில் வானொலி கேட்போர் யார், அதில் வரும் செய்தியை நம்புவோர் யார் என்று ஆராயப் புகும் மாணவர், வினாத்தாளும் எழுதுகோலுமாகப் போய் நிற்பதே வழக்கம். பிலிப்பைன்ஸ் நாட்டு அறிஞர் விர்கிலியோ என்ரிக்கெஸ் இவ்வழக்கத்தை ஐயுற்றார். அமெரிக்காவில் உளவியல் பயின்று 1971-இல் தாயகம் திரும்பிப் பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர் அவர்.

அவர் கண்ட குறை யாது? தகாலோகு மொழி மாந்தரை இருவகைப்படுத்தும். 'இபாங் தாவோ' அயலார்; 'ஹிந்தி இபாங் தாவோ' அயலார் அல்லாதார். இந்த 'ஹிந்தி'யைக் கண்டு நண்பர்கள் துணுக்குற வேண்டா. அம்மொழியில் அதற்கு 'அல்ல' என்பதே பொருள்! அயலார்க்கு இன்சொல் கிடைக்கும். உள்ளக்கருத்து எளிதில் கிடைக்காது. அவர் மனம் கோணாதிருக்க 'ஆம்' என்பர். அந்த 'ஆம்' கணக்கில் ஏறி, அட்டவணையாகி, முடிவாகவும் ஆகிவிடும்.

ஆதலின் அங்குள்ள ஆராய்ச்சியாளர், மக்களின் வழக்கத்திலிருந்தே முறைகளை எடுத்தனர். அவற்றுள் ஒன்று 'பக்தாதானோங்-தானோங்'. பேச்சோடு பேச்சாக உசாவுதல், ஒன்றையே பலரிடம் கேட்டு ஒத்துப்பார்த்தல் என்பன இதன் கூறுகள். விடை தருபவரும் ஆராய்பவரை வினவலாம். நீ யார், எதற்காகக் கேட்கிறாய் என்றால் மாணவர் மறுமொழி சொல்லியே ஆக வேண்டும். வினாத்தாளில் இதற்கு இடமேது?

முறை மெதுவானதுதான். ஒரு வாரத்தில் நூறு பேரைப் பார்த்து முடிக்க இயலாது. ஆண்டிறுதிக்குள் கட்டுரை தர வேண்டியவர்க்கு இது பெரும் இடர். அயலார் அல்லாதவராகிவிட்ட பின்னரோ மற்றொரு சிக்கல் எழும்: நம்பிச் சொன்னவற்றுள் எதை எழுதுவது, எதை விடுவது?