நோயாளிக்கு ஏற்ற கட்டடம்

நோயைத் தீர்ப்பவை மருந்தும் மருத்துவரின் திறமையுமே என்று நாம் எண்ணுகிறோம். அது பெரிதும் உண்மையே. ஆயினும், நோயாளி தங்கும் இடத்திற்கும் சிகிச்சையில் ஒரு பங்கு உண்டு. புழுக்கமும் இருட்டும் நெரிசலும் உடல் தேறுவதைத் தாமதப்படுத்தும். காற்றும் வெளிச்சமும் அமைதியும் அதற்குத் துணை நிற்கும். ஆகையால் ஊரில் சுகாதார நிலையம் எவ்வாறு அமைய வேண்டும் என்பதைப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் அவசியம்.

முன்னோர் கண்ட வழி

இக்கருத்து நமக்குப் புதிதன்று. காஞ்சிபுரம் மாவட்டம் திருமுக்கூடல் கோயிலில், 11-ஆம் நூற்றாண்டில் ஆண்ட வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை ஒன்றை அது குறிப்பிடுகிறது. மருத்துவர், அறுவை செய்வோர், பணிப்பெண்கள் ஆகியோருக்கு மட்டுமன்றி, இரவு விளக்குக்கும் அங்கே நிவந்தம் வகுத்திருந்தார்கள். நோயாளியின் இரவையும் எண்ணிப் பார்த்த ஏற்பாடு அது.

காற்றும் மருந்தும்

1928-இல் தாம்பரத்தில் டாக்டர் சௌரி முத்து காசநோய் மருத்துவ விடுதியை நிறுவினார். நல்ல காற்றும் ஓய்வுமே அக்காலத்தில் அந்நோய்க்கு முக்கிய சிகிச்சை. பின்னர் மருந்துகள் வந்தன. 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சியின் முடிவு 1959-இல் வெளியாயிற்று. மருந்தை முறையாக உட்கொண்டால், வீட்டிலிருந்தே பெறும் சிகிச்சையும் விடுதிச் சிகிச்சைக்கு ஒப்பான பலனைத் தரும் என அது காட்டிற்று. ஆகவே மருந்துக்குப் பதிலாகக் காற்றை நம்புதல் கூடாது.

ஆனால் நோய் பிறருக்குப் பரவாமல் தடுக்கக் காற்று இன்றியமையாதது. பெரு நாட்டின் லிமா நகர மருத்துவமனைகளில் நடந்த ஆராய்ச்சி ஒன்று 2007-இல் வெளிவந்தது. உயர்ந்த கூரையும் பெரிய சன்னல்களும் உள்ள பழைய கட்டடங்களில், புதிய கட்டடங்களைவிடக் காற்றோட்டம் மிகுதி என அது கண்டது. அமெரிக்காவில் 1984-இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி, அறுவை சிகிச்சை பெற்ற 46 பேரைப் பற்றியது. சன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கற்சுவரைக் கண்டவர்களைவிடச் சற்று முன்னதாகவே வீடு திரும்பினர். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. சிறிய ஆராய்ச்சியே எனினும், மரம் நடுவதற்கு அது நல்ல காரணமாகும்.

மகாராஜபுரத்தில் செய்யத்தக்கவை

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள மகாராஜபுரம் போன்ற ஊருக்கு இவற்றைப் பொருத்திப் பார்ப்போம்.

1. கட்டடத்தின் நீளம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். நீண்ட சுவர்கள் வடக்கும் தெற்கும் நோக்கினால் மாலை வெயிலின் சூடு குறையும். மேற்கே தாழ்வாரம் நன்று. சன்னல்கள் எதிரெதிரே அமைந்து, கொசுவலை பொருத்தப்பட வேண்டும்.

2. இருமல் உள்ளோர் திறந்த தாழ்வாரத்தில் தனியே காத்திருக்கட்டும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அமரும் இடம் வேறாக இருத்தல் வேண்டும்.

3. பிரசவித்த தாய் 48 மணி நேரம் நிலையத்தில் தங்க வேண்டும் என்பது விதி. உதிரப்போக்கும் வலிப்பும் உயிருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய நேரம் அது. தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை, வெந்நீர், மறைவு, துணைக்கு வந்தவர் படுக்க இடம் ஆகியவை இல்லையேல் அவர் முன்னதாகவே வீட்டுக்குப் புறப்பட்டுவிடுவார். சில நூறு ரூபாய்த் தாழ்ப்பாள் ஓர் உயிரைக் காக்கக்கூடும்.

4. வாயிற்படியோடு சாய்தளமும் கைப்பிடியும் தேவை. 1 அடி உயரத்திற்கு 12 அடி நீளம் என்பது கணக்கு.

5. தாணிப்பாறை வழியாகச் சதுரகிரிக்கு ஏறும் பக்தர்கள் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் இப்பகுதிக்குத் திரளாக வருகின்றனர். களைத்தும் கால் பிசகியும் வருவோருக்கு நிழலும் குடிநீரும் வேண்டும். வேம்பும் புங்கையும் நட்டு, ஆடு கடியாமல் வேலியிடுதல் பஞ்சாயத்தால் ஆகக்கூடிய காரியமே.

முதற்படியாக, அங்கத்தினர் இருவர், அவர்களுள் ஒருவர் பெண்ணாக, ஒரு நாள் பிற்பகல் 2 மணிக்குத் தம் ஊருக்குரிய நிலையத்தில் நோயாளிகளோடு அரைமணி நேரம் அமர்ந்திருக்கட்டும். வெயில் எங்கே விழுகிறது, காற்று எங்கே தடைபடுகிறது, தண்ணீர் எவ்வளவு தொலைவில் உள்ளது என்பவற்றைக் குறித்துக்கொண்டு, மருத்துவ அதிகாரியுடன் கலந்து, அடுத்த கிராம சபையில் அக்குறிப்பைப் படிக்கட்டும். செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல் அதிலேயே கிடைத்துவிடும்.