உடல் நிறைக் குறியீட்டெண்: பயனும் வரம்பும்

இடுக்கி மாவட்டத்தின் கிழக்கெல்லையில், தமிழ்நாட்டை ஒட்டிய மலைகளினிடையே அமைந்துள்ளது வட்டவடை. பூண்டும் உருளைக்கிழங்கும் காரட்டும் விளையும் படிநிலங்களில் ஆணும் பெண்ணும் ஏறி இறங்கி உழைக்கின்றனர். குளிர் மிகுந்த ஊராதலின், காலை வேளையில் கம்பளிச் சட்டையின்றி வெளியே வருவோர் அரியர். இவ்வூரில் எடைப்பொறியையும் அளவுகோலையும் கொண்டு செல்லும் ஊழியர் ஒருவர், 150 செண்டிமீட்டர் உயரமும் 41 கிலோகிராம் எடையுமுள்ள ஒரு பெண்ணை அளப்பதாகக் கொள்வோம். கம்பளி உடையோடும் மடியிற் கட்டிய பொருள்களோடும் அவர் ஏறி நின்றால் பொறி 42 காட்டக்கூடும். அந்த ஒரு கிலோகிராம் செய்யும் வேறுபாடு சிறிதன்று.

உடல் நிறைக் குறியீட்டெண்ணைக் கணக்கிடும் முறை எளிது. உயரத்தை மீட்டரில் எடுத்து, அதனை அதனாலேயே பெருக்கி, வரும் தொகையால் கிலோகிராமிலுள்ள எடையை வகுத்தல் வேண்டும். மேற்கூறிய பெண்ணுக்கு 1.5ஐ 1.5ஆல் பெருக்க 2.25 வரும். 41ஐ அதனால் வகுத்தால் 18.2, 42ஐ வகுத்தால் 18.7. வளர்ந்தோரில் 18.5க்குக் கீழ்ப்பட்டவர் மெலிந்தவர் எனக் கொள்ளப்படுகின்றனர். ஆகவே, மெலிந்தோர் பட்டியலில் இடம்பெற வேண்டிய அப்பெண், கம்பளிச் சட்டை ஒன்றினால் நலமுற்றோர் பட்டியலில் சேர்ந்துவிடுகிறார். அவருடைய உணவையும் இரத்தசோகையையும் பற்றி எவரும் வினவாது போகவும் கூடும்.

இவ்வெண்ணின் தோற்றத்தை அறிந்தால் அதன் வரம்பும் ஓரளவு விளங்கும். பெல்ஜிய நாட்டு வானநூலாரும் புள்ளியியல் அறிஞருமான அடால்ஃப் கெட்லே (1796–1874), மனித உடலின் அளவுகள் எவ்விதம் பரவியுள்ளன என்று ஆராய்ந்தபோது, வளர்ந்தோரின் எடை ஏறத்தாழ உயரத்தின் வர்க்கத்தை ஒட்டி மிகுவதைக் கண்டார். ‘சராசரி மனிதன்’ எத்தகையவன் என்பதே அவர் தேடியது; தனி ஒருவரின் நோயை அறிவதன்று. 1972இல் அமெரிக்க விஞ்ஞானி ஆன்சல் கீஸும் அவருடைய குழுவினரும், ஐந்து நாடுகளைச் சேர்ந்த ஆண்களின் அளவுகளை ஒப்பிட்டு, கொழுப்பை மதிப்பிட வழக்கிலிருந்த சூத்திரங்களுள் இது ஏற்கத்தக்கது எனக் கண்டு இப்போதைய பெயரை இட்டனர். அவ்வாராய்ச்சியில் பெண்கள் சேர்க்கப்படவில்லை.

திரளான மக்களின் நிலையை அறிவதற்கு இதைவிட மலிவான கருவி கிடைப்பது அரிது. 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களுள் 18.7 சதவீதத்தினர் 18.5க்குக் கீழும், 24 சதவீதத்தினர் 25க்கும் அதற்கு மேலும் இருந்தனர். கேரளத்தில் இவ்விரண்டாம் பிரிவினர் 38.1 சதவீதம். மெலிவும் பருமனும் ஒரே நாட்டில் அருகருகே நிற்பதை இவ்வெண் தெளிவாகக் காட்டிற்று. ஆயினும், மாநிலச் சராசரியைக் கொண்டு ஒரு மலைக்குடியின் நிலையை ஊகித்தல் தவறு. அங்கே அளந்தே அறிதல் வேண்டும்.

தனி மனிதரிடத்தில் இதே எண் தடுமாறுகிறது. அது தசையையும் கொழுப்பையும் பிரித்தறியாது. 160 செண்டிமீட்டர் உயரமும் 60 கிலோகிராம் எடையுமுள்ள ஒருவர் பூண்டு மூட்டை சுமப்பவராயினும், நாள் முழுதும் கடையில் அமர்ந்திருப்பவராயினும் எண் 23.4தான். இதற்குத் தக்க சான்று 2004இல் வெளிவந்தது. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் தங்களையே அளந்துகொண்டனர். இருவருக்கும் எண் 22.3. உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். புனே வட்டாரத்துக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோகிராமே; இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் 3.5. எனினும், எடை குறைந்த அளவுக்கு இந்தியக் குழந்தைகளின் தோலடிக் கொழுப்பு குறையவில்லை என்று யாக்னிக் குழுவினர் கண்டனர்.

ஒல்லியாகத் தோன்றும் இந்தியரிடத்தும் நீரிழிவு காணப்படுவதற்கு இது ஒரு காரணமாகும். இதனாலேயே, 25 என்னும் பொது எல்லையை வைத்துக்கொண்டே, ஆசிய மக்களுக்கு 23, 27.5 ஆகிய எண்களையும் எச்சரிக்கைப் புள்ளிகளாகக் கொள்ளலாம் என உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர் குழு 2004இல் வெளியான அறிக்கையில் கூறிற்று. இந்திய மருத்துவ நிபுணர்கள் 2009இல் 23க்கு மேல் மிகுஎடை, 25க்கு மேல் பருமன் என வகுத்தனர். ஆதலின் ஓர் அட்டவணையைப் படிப்போர், அது எந்த எல்லையை ஒட்டி எழுதப்பட்டது என்று முதலில் பார்த்தல் நன்று; இதைப் பாராமல் இரு அட்டவணைகளை ஒப்பிடுவோர் பலர்.

கருவுற்ற பெண்களுக்கும், உடலில் நீர் கோத்து வீங்கியவர்களுக்கும் இவ்வெண் பொருந்தாது. கூன் விழுந்த முதியோரின் உயரம் குறைந்து காட்டுவதால் எண் பொய்யாக உயரும். பள்ளிச் சிறுவருக்கு வளர்ந்தோரின் எல்லைகளைக் கூறலாகாது. வயதையும் பாலையும் ஒட்டிய தனி அட்டவணைகள் உள்ளன. ஆசிரியர்கள் கணக்குப் பாடத்தில் இதனைப் பயிற்சியாக வைக்கலாம். ஆனால் கற்பனை அளவுகளைக் கொண்டு செய்விப்பதே தக்கது. வகுப்பில் ஒரு சிறுமியின் எண்ணை உரக்கப் படித்தால், அவள் மறுநாள் மதிய உணவைத் தொடாமலிருக்கவும் கூடும்.

அளக்கும் முறையில் ஒரு செய்தி. வட்டவடை போன்ற சரிவு நிலத்தில் பொறியைச் சமதளமான பலகைமீது வைத்தல் வேண்டும். 51 கிலோகிராம் எடையுள்ளவரின் உயரத்தை 150க்குப் பதிலாக 148 எனக் குறித்தால், 22.7 என்பது 23.3 ஆகி எல்லையைக் கடந்துவிடும். காலணியும் தலைப்பாகையும் நீக்கி, குதிகால் சுவரைத் தொட நிறுத்தி அளக்க வேண்டும். கூடவே இடுப்பின் சுற்றளவையும் குறித்துக்கொள்வது மிகுந்த பயன் தரும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, இயல்பாக மூச்சு விட்ட நிலையில், நாடாவை இறுக்காமல் சுற்ற வேண்டும். ஆண்களுக்கு 90 செண்டிமீட்டரும் பெண்களுக்கு 80 செண்டிமீட்டரும் எட்டினால், குறியீட்டெண் எதுவாயினும், இரத்தச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்க ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்புதல் தகும்.