பாத்திரங் கழுவும் பொறியும் அதன் பழுதுகளும்

விழா மலருக்குக் கட்டுரை வேண்டுமென மலர்க்குழுவினர் எம்மை அணுகியபோது, தமிழாசிரியரிடமிருந்து இலக்கியப் பொருளொன்றையே எதிர்பார்த்திருப்பர். நாம் எழுதப் புகுந்ததோ அடுக்களைப் பொருள். இதற்குக் காரணம் உண்டு. எம்மிடம் கற்றவரும் இன்று கடல்கடந்த நாட்டில் வாழ்பவருமாகிய பழைய மாணவர் ஒருவர், மூட்டுவாதத்தால் விரல் மடங்கிய தம் அன்னையாருக்காகப் பாத்திரங் கழுவும் பொறியொன்றை வாங்கி ஊர்வீட்டில் வைப்பித்தார். ஆறு திங்கள் கழியுமுன் அப்பொறி கோப்பைகளை அடுக்கி வைக்கும் அலுமாரியாயிற்று. பழுது பார்க்க வந்தவர், பம்பி எரிந்துவிட்டதென்றும் வேறு பொறி வாங்குவதே நன்றென்றும் கூறிச் சென்றார். அன்னையார் மீண்டும் குழாயடியிற் குந்தியிருந்து சட்டி பானை கழுவலானார்.

"தம்பி, உந்தப் புத்தகத்தை ஒருக்கா வாசிச்சுச் சொல்லும். மகன் குளிருக்கை உழைச்ச காசைக் கரியாக்கிப் போட்டன் எண்டு எனக்கு நித்திரையில்லை" என்று அவர் எம்மை அழைத்தார். பொறியோடு வந்த கைந்நூலை வாசித்தோம். பின்னர் பொறியையும் ஒருவாறு வாசித்தோம். பம்பி எரியவில்லை. அன்று அறிந்தவற்றையும், அதன்பின் வேறு சில இல்லங்களிற் கண்டவற்றையும் ஈண்டு எழுதுகின்றோம். ஊரிலுள்ளோர்க்கும், இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் பழைய மாணவர்க்கும் இவை ஒருங்கே பயன்படும்.

பழுதை அறிய வேண்டின் முதற்கண் தொழிலை அறிதல் வேண்டும். பலர் எண்ணுமாறு இப்பொறி நீரால் நிரம்பிப் பாத்திரங்களை ஊறவைப்பதன்று. அதன் அடியில் மூன்று நான்கு இலீற்றர் நீரே தேங்கும். பம்பியொன்று அந்நீரை மேலெழுப்பித் துளைகளையுடைய சுழற்கைகளின் வழியே பீறிடச் செய்யும். அக்கைகளைச் சுழற்றுதற்குத் தனி மோட்டர் இல்லை. சாய்ந்த துளைகளினின்று பாயும் நீரின் எதிர்த்தாக்கமே அவற்றைச் சுழற்றுகின்றது. நியூற்றனின் மூன்றாம் விதியை மனனஞ் செய்யும் மாணவர் ஒருமுறை இதனைச் சென்று பார்ப்பாராக. கீழே விழும் நீர் வடிகட்டியினூடாக மீண்டும் பம்பியை அடையும். முன்கழுவல், சலவைத்தூளோடு கூடிய கழுவல், அலசல், சூடான ஈற்றலசல், உலர்த்தல் என்னும் படிகள் முழுவதற்கும் இக்காலப் பொறிகள் பல பத்துப் பன்னிரண்டு இலீற்றர் நீரே கொள்ளும்.

அமெரிக்காவில் இல்லினோய் மாநிலத்துச் செல்பிவில் என்னும் ஊரில் வாழ்ந்த யோசபீன் கொக்கிரேன் அம்மையார் 1886 ஆம் ஆண்டில் ஆக்கவுரிமை பெற்ற பொறியும், நீரைப் பீய்ச்சிக் கழுவும் இம்முறையையே கொண்டிருந்தது. 1893 ஆம் ஆண்டில் சிக்காக்கோவில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில் அது காட்சிக்கு வைக்கப்பட்டது. முதலில் அதனை வாங்கியவை உணவு விடுதிகளே. அக்கால இல்லங்களிற் போதிய சுடுநீர் இன்மையும் மனைகள் தயங்கியதற்கு ஒரு காரணமாகும்.

ஆகவே, நீர் வருகின்றதா, பீறிடுகின்றதா, சூடாகின்றதா, வெளியேறுகின்றதா என்று வினவுதலே பழுது தேடும் நெறி. பொறியின் முகப்பில் தோன்றும் எழுத்தையும் எண்ணையும் முதலிற் குறித்துக்கொள்க. அவற்றின் பொருள் பொறிக்குப் பொறி வேறுபடுமாதலின் கைந்நூலையே பார்த்தல் வேண்டும். கைவைக்குமுன் மின்செருகியைக் கழற்றி, நீர்க்குழாயையும் மூடுக. ஆளியை அணைத்தல் மட்டும் போதாது.

அன்னையாரின் பொறி தொடங்கிய சில நிமிடத்துள் நின்றுவிடும். உள்ளே நீர் மிகச் சிறிதே இருந்தது. வருகுழாய் பொறியுடன் இணையும் இடத்தில் விரல்நுனியளவான வலையொன்று உண்டு. அதனைக் கழற்றியபோது கிணற்று மணல் படிந்திருந்தது. அதனைக் கழுவிய பின்னரும் குறை தீர்ந்திலது. அப்பொழுதுதான் கைந்நூலின் ஒரு வரி எம் கண்ணிற் பட்டது: வருநீருக்குக் குறைந்தது அரைப் பார் அமுக்கம் வேண்டும். பத்து மீற்றர் உயர நீர்நிரல் ஏறத்தாழ ஒரு பார் அமுக்கந் தரும். அரைப் பாருக்கு ஐந்து மீற்றர் வேண்டும். அவ்வீட்டு நீர்த்தாங்கியோ பன்னிரண்டடித் தூணின்மேல் நின்றது. பொறிக்கான குழாய் நிலத்தினின்று இரண்டடி உயரத்தில் இருந்தது. எஞ்சிய பத்தடி, மூன்று மீற்றருக்குச் சற்றே மிகுந்தது. அமுக்கம் அரைப் பாரன்று, பாரின் பத்தில் மூன்று பங்கே. வரவேண்டிய நேரத்துள் நீர் வாராமையின், பொறி தன்னைக் காக்குமாறு நின்றது. நகரக் குழாய்நீரை எண்ணி ஆக்கிய பொறியை எம்மூர்த் தாங்கிக்குப் பூட்டியதன் விளைவு இது. வருகுழாயிற் சிறிய அமுக்கப் பம்பியொன்றை இணைத்தவுடன் பொறி தொடக்கத்தினின்று இறுதிவரை ஓடிற்று. பொறி வாங்க எண்ணுவோர் கடைக்குச் செல்லுமுன் தாங்கியின் உயரத்தை அளந்துகொள்வாராக.

பொறி ஓடிற்றே தவிர, கோப்பைகள் வெளிறிய படையோடு வெளிவந்தன. இதுவே எம் பகுதியின் பெருங்குறை. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கற் பாறைமீது அமைந்தது. மழைநீர் மண்ணினூடு இறங்குங்கால் காபனீரொட்சைட்டை ஏற்றுச் சுண்ணக்கல்லைக் கரைக்கும். கரைந்தது கல்சியம் இருகாபனேற்றாக நீரிற் கண்ணுக்குத் தோன்றாது நிற்கும். சூடேற்றினால் அது கல்சியங் காபனேற்றாகப் பிரிந்து படியும். கேத்திலின் அடியிற் காணும் வெண்படை இதுவே. இலண்டனின் நீரும் சுண்ணப் பாறைநிலத்துத் தொடர்புடைய வன்னீராதலின் அங்குள்ளோர்க்கும் இக்குறை புதிதன்று.

ஐரோப்பிய முறையில் ஆக்கிய பொறிகளின் அடியில் திருகுமூடியோடு கூடிய உப்பறை ஒன்று உண்டு. உப்புப் பாத்திரத்தைக் கழுவுமென்று பலர் நினைக்கின்றனர், அஃது அன்று. வருநீர், பிசின்மணிகள் அடங்கிய கலமொன்றினூடாகச் செல்லும். அம்மணிகள் நீரிலுள்ள கல்சியத்தையும் மகனீசியத்தையும் பற்றிக்கொண்டு சோடியத்தை விடும். மணிகள் சலித்தபோது உப்புநீர் அவற்றைக் கழுவிப் பழைய நிலைக்குக் கொணரும். உப்பில்லையேல் மணிகள் விரைவில் செயலற்றுப்போம். அன்னையாரின் பொறியில் இவ்வறை வாங்கிய நாள்தொட்டு வெறுமையாகவே கிடந்தது. விற்றவரும் சொல்லவில்லை, பூட்டியவரும் சொல்லவில்லை.

இதற்கெனவுள்ள பருமணி உப்பையே இடுக. கறிக்கிடும் தூளுப்பில் அயடீனும் கட்டிபடாமற் காக்கும் பொருளும் சேர்ந்திருக்கும்; அதன் நுண்மை அறையை அடைக்கும். உப்பளத்துக் கல்லுப்பு எமக்கு உவப்பானதே. ஆயினும் அதில் மகனீசியமும் மணலும் கலந்திருத்தலின் அதுவும் ஈண்டு ஆகாது. முதன்முறை இடும்போது அறையை நீரால் நிரப்பிய பின்னரே உப்பை இடல் வேண்டும். வெளியே சிந்திய உப்பு உருக்கை அரிக்குமாதலின் உடனே ஒருமுறை பொறியை ஓட்டுக. நீரின் வன்மைக்கு ஏற்பப் பொறியின் அளவைத் திருத்தவும் மறவற்க. கனடாவிலும் அமெரிக்காவிலும் விற்கப்படும் பொறிகள் பெரும்பாலானவற்றில் இவ்வறை இல்லை. அங்குள்ளோர் அதனைத் தேடி அலைய வேண்டா.

முன்னர் நன்றாக இருந்த பொறியில் இப்போது வெண்படை காண்கிறது என்று ஐரோப்பாவிலிருந்து சிலர் எழுதுவதுண்டு. சலவைப்பொருளில் இருந்த பொசுபேற்று முன்பு வன்மையை அடக்கிவந்தது. நீர்நிலைகளிற் பாசி பெருகுதற்கு அது காரணமாதலின் ஐரோப்பிய ஒன்றியம் 2017 ஆம் ஆண்டில் அதனை மிகக் குறைத்துவிட்டது. உப்பில் முன்போல அசட்டையாக இருத்தல் இனி இயலாது.

கண்ணாடிக் குவளை மங்கினால் அது படிவோ அரிப்போ என்று அறிதற்கு எளிய சோதனை உண்டு. தேசிக்காய்ப் பாதியால் ஓரிடத்தைத் தேய்க்க. தெளிந்தால் அது சுண்ணப் படிவு. தெளியாவிடின் கண்ணாடியே அரிக்கப்பட்டுள்ளது, அதற்கு மாற்றில்லை. மென்னீரில் மிகுந்த தூளிடுவதால் இவ்வரிப்பு விரைவுறும். பொறியின் உள்ளே படிந்ததை நீக்க, பாத்திரமும் தூளும் இன்றி, நான்கைந்து மேசைக்கரண்டி சித்திரிக்கமிலத்தை இட்டுச் சுடுநீரில் ஓட்டுக. சுழற்கையின் துளைகளை அடைத்த சுண்ணத்தையும் கறிப்பருக்கையையும் குத்தியெடுக்கத் தென்னோலை ஈர்க்கினும் சிறந்த கருவியை நாம் கண்டிலோம்.

நீர் வெளியேறாது தேங்குமாயின், பெரும்பாலும் குற்றம் வடிகட்டியிலேயே இருக்கும். கறிவேப்பிலைக் காம்பு, புளிச்சக்கை, மீன்முள் என்பனவே எம் அடுக்களைகளில் அதனை அடைப்பன. கிழமைக்கு ஒருமுறை கழற்றிக் கழுவுதல் நன்று. அதன் கீழுள்ள பம்பியின் சுழலி தடையின்றித் திரும்புகின்றதா என்று மரக்குச்சியால் தொட்டுப் பார்க்க. வெறும் விரல் வேண்டா, உடைந்த கண்ணாடித் துண்டு ஒளிந்திருக்கும். புதிதாகப் பூட்டிய பொறியாயின், கழுவுதொட்டிக் கழிவுக்குழாயின் கிளைவாயை மூடிய தடுப்பை வெட்டியெடுக்க மறந்திருக்கலாம். போக்குக் குழாய் மடிந்திருத்தலும் உண்டு.

எண்ணெய்ப் பிசுக்கு எஞ்சுவதற்குப் பொறியிலும் அடுக்கியவரே பெரும்பாலும் காரணர். பெரிய தட்டு சுழற்கையைத் தடுக்கும். அல்லது தூட்பெட்டியின் மூடி திறவாதபடி மறைக்கும். ஈரக்கையால் இட்ட தூள் கட்டிபட்டுக் கரையாதிருக்கும். தேங்காய்ப்பாற் கறி ஆடிய சட்டிக்குக் குறைந்த வெப்ப நிரல் போதாது. 65 பாகை செல்சியசளவில் ஓட்டுக. கையாற் கழுவும் சவர்க்காரத் திரவத்தை ஒருபோதும் இடவேண்டா. நுரை பொங்கித் தரையெல்லாம் பரவும். துர்நாற்றத்துக்கு வடிகட்டியும் கதவின் இறப்பர் விளிம்புமே இடம். அவற்றைத் துடைத்தாற் போதும்.

மஞ்சட் கறையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மஞ்சளின் நிறப்பொருள் எண்ணெயிற் கரைந்து பிளாத்திக்கினுட் புகும். பொறியால் அதனை முற்றாக எடுத்தல் அரிது. சலவைத்தூள் காரமாதலின் அக்கறை சில வேளை செந்நிறமாகவும் மாறும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்து ஆலத்தி கரைப்போர் அறிந்த வினையே அது. அத்தகைய மூடிகளை ஒரு பகல் வெயிலில் வைக்க, ஒளியால் அந்நிறம் மங்கும்.

இவையெல்லாம் பார்த்த பின்னும் நீர் சூடாகாவிடின், அல்லது ஆளி திறந்தவுடன் வீட்டு மின்சாரம் துண்டிக்கப்படின், அங்கே நிறுத்துக. அது மின்வினைஞரின் வேலை. எப்படியில் நின்றது, முகப்பிற் கண்ட குறி யாது, எவற்றைச் சோதித்தோம் என்பவற்றைத் தாளில் எழுதி அவரிடங் கொடுத்தால், "பம்பி எரிந்துவிட்டது" என்று எடுத்த எடுப்பிற் சொல்ல அவர் சற்றே தயங்குவர்.

அலுமினியச் சட்டி இப்பொறியிற் கறுத்துப்போம். மண்சட்டி சலவைநீரை உறிஞ்சும். சிரட்டை அகப்பை வெடிக்கும். பித்தளை தன் ஒளியை இழக்கும். அன்னையாரின் கோப்பைகளும் குவளைகளும் இன்று பொறியிலேயே கழுவப்படுகின்றன. சுவாமி அறைக் குத்துவிளக்கையும் செம்பையும் மட்டும் அவர் வெள்ளிதோறும் வெளியே எடுத்து வைக்கிறார். பழப்புளி இட்டுத் தேய்ப்பவன் பேரன்.