கறுப்புப் பூச்சுக்கு அடியில்: காரின் கீழ்ப்பாகம் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

புதிய கார் வாங்கும்போது நீட்டப்படும் கூடுதல் வேலைகளின் பட்டியலில் ‘அண்டர்பாடி கோட்டிங்’ அநேகமாக இருக்கும். அதற்குப் பணம் கட்டியவர்கள், அடிப்பாகத்தின் கவலை அன்றோடு தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். கட்டாதவர்களோ, நம் வெயிலுக்குத் துரு எங்கிருந்து வரப்போகிறது என்று இருந்துவிடுகிறார்கள். இரண்டு தரப்புக் கார்களும் கடலோர ஊர்களின் டிங்கரிங் பட்டறைகளுக்கு வந்து சேர்கின்றன. மேலே பெயின்ட் பளபளக்கும். மிதியடியைத் தூக்கினால் தகட்டில் பொத்தல் தெரியும். இந்தச் சேதத்தில் பெரும்பகுதி தவிர்க்கக்கூடியது. தவிர்க்கவிடாமல் தடுப்பவை சில நம்பிக்கைகள்.

“பனி கொட்டும் நாடுகளில்தான் காருக்கு அடியில் துருப்பிடிக்கும்”

அந்த நாடுகளில் பனியை உருக்கச் சாலையில் உப்பைத் தூவுகிறார்கள். நமக்கு அந்த வேலையைக் கடற்காற்று செய்கிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால், சாப்பாட்டு உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கோ 33 சதவீதம் அளவே போதும். சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற ஊர்களின் இரவுகளை நினைத்துப் பாருங்கள். ஒரு சொட்டு மழை பெய்யாவிட்டாலும், உப்புப் படிந்த தகட்டின்மேல் மெல்லிய உப்புநீர்ப் படலம் இருந்துகொண்டே இருக்கும். நம் ஊர்ச் சூடு அந்த வேதிவினையை இன்னும் விரைவாக்கும்.

உலோக அரிப்பை ஆராயும் காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், தன் கடல்சார் சோதனை நிலையத்தை மண்டபம் என்ற கடலோர ஊரில் வைத்திருப்பதற்கும் இந்தக் காற்றுதான் காரணம். அந்த வழியாகத்தான் நாம் ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் போய், கடலோர மணலில் காரை நிறுத்திப் படமெடுத்துவிட்டு, கண்ணாடியை மட்டும் துடைத்துக்கொண்டு ஊர் திரும்புகிறோம். அப்படிப்பட்ட பயணம் முடிந்ததும் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுவது எந்தக் கோட்டிங்கையும் விட முக்கியம். போர் தண்ணீரே உப்புக் கரிக்கும் பகுதியில் இருப்பவர்கள் வேறு தண்ணீருக்கு வழி செய்துகொள்ள வேண்டும்.

“கோட்டிங் அடித்துவிட்டால் ஆயுள் முழுக்கப் பாதுகாப்பு”

அதிகப் பணம் வீணாவது இந்த நம்பிக்கையால்தான். இன்றைய கார்கள் வெறும் இரும்புத் தகடாகத் தொழிற்சாலையை விட்டு வருவதில்லை. பல மாடல்களில் தகட்டிலேயே துத்தநாகம் பூசியிருக்கும். பாடி முழுவதையும் தொட்டியில் முக்கி, மின்சாரம் செலுத்தி, உட்குழிவுகளிலும் பெயின்ட் படியச் செய்கிறார்கள். சுமார் 20 மைக்ரான் தடிமனே உள்ள அந்தப் படலம்தான் துருவுக்கு எதிரான முதல் அரண். தகடுகள் சேரும் விளிம்புகளில் பிவிசி சீலர் அடைக்கிறார்கள்; கல் தெறிக்கும் இடங்களில் இன்னொரு பூச்சும் உண்டு. ஆகவே புதுக் காருக்கு உடனே கோட்டிங் அடித்தே ஆக வேண்டும் என்று யாராவது அவசரப்படுத்தினால், “ஏற்கெனவே என்ன பூசியிருக்கிறது?” என்று கேளுங்கள். கடலோரம் குடியிருப்பவருக்குக் கூடுதல் பூச்சு பயன்படலாம். உள்நாட்டில், நல்ல தார்ச்சாலையில் மட்டும் ஓடும் காருக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது.

பழைய காரின் நிலைமை வேறு. துரு பிடித்த தகட்டின்மேல் கெட்டியான தார் பூச்சையோ ரப்பர் பூச்சையோ அடிப்பது, ஓதம் ஏறிய சுவரில் பெயின்ட் அடிப்பது போன்றது. இரும்பு துருவாகும்போது இரண்டு மடங்குக்கும் மேல் பருமனாகி, பூச்சை உள்ளிருந்தே தூக்கிவிடும். வெயிலில் காய்ந்து இறுகிய பூச்சு கல் பட்டுக் கீறும். கீறலில் நுழைந்த நீர் வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்கும். மேலே கறுப்பாகச் சீராகத் தெரிவதால், ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பார்க்கும் நாள்வரை உள்ளே நடப்பது எவருக்கும் தெரியாது. என் கணக்கில், பூச்சே இல்லாத அடிப்பாகத்தைவிட இது மோசம். பூச்சு இல்லாவிட்டால் துருவாவது கண்ணுக்குத் தெரியும்.

1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலம் மண்டபம் பக்கத்து உப்புக் காற்றில் நூறாண்டுக்கு மேல் நின்றது என்றால், இடைவிடாமல் பார்த்துப் பார்த்துப் பராமரித்ததுதான் காரணம். பாலமோ காரோ, வேலையின் வரிசை ஒன்றுதான்: முதலில் சுரண்டித் துருவை நீக்க வேண்டும், கழுவி நன்றாகக் காயவிட வேண்டும், பிறகு துருத்தடுப்பு பிரைமர், கடைசியில்தான் மேல்பூச்சு. காலையில் வாட்டர் வாஷ் செய்து, மதியம் கோட்டிங் அடித்து, மாலையில் சாவியைக் கொடுக்கும் இடத்தில் காய்வதற்கு எங்கே நேரம்?

பூச்சு அடிப்பவரிடம் இன்னொன்றையும் கேளுங்கள். கதவுகளின் அடியிலும் ரன்னிங் போர்டின் அடியிலும் தண்ணீர் வடிவதற்கென்றே சிறு துளைகள் இருக்கும். அவசரமாக ஸ்ப்ரே அடிக்கும்போது அவை அடைபட்டுப்போனால், கதவுக்குள் இறங்கும் மழைநீர் அங்கேயே தேங்கி, உள்ளிருந்து அரிக்கத் தொடங்கும். பூச்சே வேண்டும் என்றால், முழுக்க இறுகாத மெழுகு வகையோ, ஆட்டு ரோமக் கொழுப்பான லனோலின் வகையோ எனக்குப் பிடித்தது. அது இடுக்குகளில் ஊர்ந்து இறங்கும், விரிசல் விடாது. ஆனால் தூசி ஒட்டும், நாளாக ஆகத் தேயும், மறுபடி பூச வேண்டிவரும்.

“டீசலோ பழைய என்ஜின் ஆயிலோ அடித்தால் போதும்”

எண்ணெய் நீரைத் தள்ளும் என்பது உண்மை. அந்த ஒரு உண்மையை வைத்துக்கொண்டு பல வாட்டர் சர்வீஸ் நிலையங்களில் கழுவி முடித்ததும் டீசல் கலந்த எண்ணெயைப் பீய்ச்சுகிறார்கள். அது புஷ், பூட் போன்ற ரப்பர் பாகங்களை ஊதவும் தளரவும் செய்யும். பிரேக் டிஸ்க்கில் பட்டால் ஆபத்து. சூடான சைலன்ஸரில் பட்டால் புகையும். கொஞ்ச நாளில் புழுதியைச் சேர்த்து, ஈரத்தைப் பிடித்து வைக்கும் அழுக்கு அடையாகிவிடும். பழைய ஆயிலில் அமிலமும் உலோகத் துகளும் வேறு சேர்ந்திருக்கும். நம் நாட்டு விதிகள் அதை அபாயகரமான கழிவு என்றே வகைப்படுத்துகின்றன. அது சாக்கடை வழியே நிலத்தடி நீருக்குப் போகிறது. இதையெல்லாம் விட என்னை வருத்துவது, குழிக்குள் முகமூடிகூட இல்லாமல் நின்று அந்த எண்ணெய்ச் சாரலை மூச்சில் இழுக்கும் இளைஞர்களின் நிலை. “ஆயில் அடிக்க வேண்டாம் தம்பி” என்று நாம் சொன்னால் அவர்களுக்கும் நன்மை, காருக்கும் நன்மை.

“மழையில் ஓட்டினாலே கழுவின மாதிரிதான்”

மேல்கூரைக்கு அது பொருந்தும். கீழே நடப்பது நேரெதிர்: டயர் வாரி இறைக்கும் சேறு, சக்கரக் குழிவின் உள்மடிப்பில் அப்பிக்கொள்ளும். வெளியே வெயில் அடித்தாலும் அந்த மண்ணுக்குள் ஈரம் நாள்கணக்கில் இருக்கும். மட்கார்டு ஓரம் முதலில் உப்பி வெடிப்பது அதனால்தான். மழைக்காலம் முடிந்ததும் அந்த மடிப்புகளைக் கை விட்டுத் தடவிப் பாருங்கள். கழுவும்போது தண்ணீரின் வேகத்தைவிட, அது போய்ச் சேரும் இடமே முக்கியம். பிரஷர் பம்பை நெருக்கிப் பிடித்தால் பேரிங் சீலுக்குள்ளும் வயர் இணைப்புகளுக்குள்ளும் நீர் புகும். ஓரடித் தூரமாவது விட வேண்டும். ஓடி வந்த கார் என்றால் பிரேக்கும் சைலன்ஸரும் ஆறிய பிறகே நீர் படலாம்.

“சைலன்ஸருக்கும் கோட்டிங் அடித்தால் ஓட்டை விழாது”

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உருவாகிறது. அது ஆவியாக வெளியேற வேண்டுமானால் குழாய் நன்றாகச் சூடேற வேண்டும். காய்கறிக் கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் போய்வரும் காரில் அதற்குள் பயணமே முடிந்துவிடும். நீர் உள்ளேயே தங்கிவிடும். சைலன்ஸர் பெரும்பாலும் உள்ளிருந்து வெளியே அரித்துக்கொண்டு வருவதால் வெளிப்பூச்சால் பயனில்லை. தார் பூச்சு தீய்ந்து நாறும், அவ்வளவுதான். இடையிடையே ஒரு நீண்ட ஓட்டம் கொடுங்கள்.

“துரு கீழிருந்துதான் ஏறும்”

காருக்குள்ளிருந்தும் இறங்கும். ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்துக்கொண்டால், அந்த நீர் முன் இருக்கைக்கு அருகே கார்பெட்டுக்கு அடியில் இறங்கும். சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய கார்கள் பலவற்றில் என்ஜினுக்குத்தான் கவனம் கிடைத்தது. கார்பெட்டைக் கழற்றி, அதன் கீழே உள்ள பஞ்சைத் தூக்கிக் காயவைக்காவிட்டால் சாக்கடை கலந்த ஈரம் மாதக்கணக்கில் தகட்டின்மேலேயே கிடக்கும். காருக்குள் புழுங்கல் வாடை வந்தால் வாசனைத் திரவியம் வாங்கும் முன் கார்பெட்டைத் தூக்கிப் பாருங்கள்.

“மின்சாரக் கருவி பொருத்தினால் துரு வராது”

மின்னோட்டம் செலுத்தித் துருவைத் தடுக்கும் இந்த முறை கப்பலிலும் மண்ணில் புதைத்த குழாயிலும் வேலை செய்யும். கடல்நீரும் ஈர மண்ணும் மின்னோட்டத்துக்குப் பாதை தருகின்றன. காற்றில் ஓடும் காரைச் சுற்றி அப்படித் தொடர்ச்சியான பாதை கிடையாது. வாங்காதீர்கள்.

“எலெக்ட்ரிக் காருக்கும் இதே வேலைதான்”

இல்லை. அங்கே அடிப்பாகத்தின் பெரும்பகுதி பேட்டரிப் பெட்டி. ஐபி67 என்ற தரம், ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்குவதைக் குறிக்கிறது. நெருங்கிப் பீய்ச்சும் பிரஷர் நீரைத் தாங்கும் என்று அதற்குப் பொருளில்லை. பேட்டரிப் பெட்டியிலும் ஆரஞ்சு நிற உயர் மின்னழுத்த வயர்களிலும் எந்தப் பூச்சும் கூடாது. கல் இடித்துப் பெட்டியில் சொட்டை விழுந்திருந்தால் வெளிப் பட்டறையில் தட்டி நிமிர்த்தவோ கறுப்பு அடித்து மறைக்கவோ விடாமல், நேராக நிறுவனத்தின் சர்வீஸ் மையத்துக்குக் கொண்டுபோய் லிஃப்ட்டில் ஏற்றிக் காட்டுங்கள்.