கோபத்துக்கு ஐந்து புள்ளி

எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவில் பெரியப்பா தினமும் ‘ஆபத்து! உடனே பகிருங்கள்’ என்று ஏதாவது அனுப்புகிறார். எப்படி நிறுத்துவது?
– வாசகர், சந்தவாசல்

பெரியப்பா நல்லெண்ணத்தில்தான் அனுப்புகிறார், சிக்கலே அதுதான். இப்படிப்பட்ட செய்திகள் ஏன் பரவுகின்றன என்று பாருங்கள். 2017-இல் ஃபேஸ்புக், ஒரு லைக்குக்கு ஒரு புள்ளி என்றால் கோப முகத்துக்கு ஐந்து புள்ளி கொடுத்து, எந்தப் பதிவை மேலே காட்டுவது என்று முடிவுசெய்தது. கொதித்தவர் மேலே வந்தார், நிதானமாக எழுதியவர் கீழே போனார். வாட்ஸப்பில் அப்படிப் புள்ளி இல்லையே என்பீர்கள். அங்கே அந்த வேலையை நம் பயமே செய்துவிடுகிறது. ‘எச்சரிக்கையாக இருந்தால் என்ன நஷ்டம்?’ என்று பெரியப்பா கேட்டால், 2018 மே மாதத்தை நினைவூட்டுங்கள். உங்களுக்குப் பக்கத்தில், போளூரை அடுத்த அத்திமூரில், கோயிலுக்கு வந்த சென்னை மூதாட்டி குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர் என்று அடித்தே கொன்றார்கள். கைபேசிகளில் அந்த வதந்தி முன்பே சுற்றிக்கொண்டிருந்தது.

குழுவில் எல்லார் முன்னும் மறுக்காதீர்கள். ரோஷத்தில் இன்னும் நான்கு அனுப்புவார். தனியாக, “எந்த ஊர், எந்தத் தேதி பெரியப்பா?” என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் இரண்டும் இருக்காது. செய்தியின் தலையில் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது; அதை ஒரு நேரத்தில் ஒரு இடத்துக்குத்தான் அனுப்ப முடியும் என்று 2020-லேயே வாட்ஸப் கட்டுப்படுத்திவிட்டது. அந்த அம்பைப் பார்க்க அவருக்குச் சொல்லிக்கொடுங்கள்.